வங்கிப் பெயரில் வரும் போலி மின்னஞ்சல்கள்: தூண்டில் மோசடியின் வரலாறு

வங்கி, வரித்துறை, அஞ்சலகம் போன்ற நம்பிக்கைக்குரிய நிறுவனம் அனுப்பியது போன்ற தோற்றத்தில் மின்னஞ்சல் அனுப்பி, அதைப் பெறுபவரின் பயனர் பெயர், கடவுச்சொல், அட்டை எண் முதலியவற்றைப் பறிக்கும் மோசடி ஃபிஷிங் எனப்படுகிறது. தமிழில் இதைத் தூண்டில் மோசடி என்றும் மின்தூண்டில் என்றும் வழங்குகின்றனர். வங்கியின் கணினியை உடைத்துத் திருடுவதற்குத் தேர்ந்த தொழில்நுட்ப அறிவு வேண்டும். தூண்டில் மோசடியில் அந்தச் சிரமம் இல்லை. பூட்டு அப்படியே இருக்க, கணக்கு வைத்திருப்பவரே சாவியை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.

இம்மோசடி 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் சிறுவர் குறும்பைப் போலத் தொடங்கி, 2003ஆம் ஆண்டளவில் வங்கிகளை நோக்கித் திரும்பியது. போலி மின்னஞ்சலை எப்படி அடையாளம் காண்பது என்பதற்கு அவ்வப்போது சொல்லப்பட்ட குறிப்புகள் பல இன்று காலாவதியாகிவிட்டன. எந்த அடையாளம் எப்போது பயன்பட்டது, ஏன் பயனற்றுப் போனது, எது இன்றும் பயன்படுகிறது என்பதை இதன் வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும்.

பெயர்க் காரணம்

ஆங்கிலத்தில் மீன்பிடித்தலைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்தை மாற்றி, "பி", "எச்" என்னும் இரண்டு எழுத்துகளால் எழுதியதே ஃபிஷிங் என்ற சொல். 1970களில் தொலைபேசி இணைப்பகங்களை ஏமாற்றிக் கட்டணமின்றிப் பேசியவர்களின் செயல் ஃபிரீக்கிங் எனப்பட்டது. அச்சொல்லும் இதே இரண்டு எழுத்துகளில் தொடங்கும். கணினி ஊடுருவிகள் அந்த மரபைப் பின்பற்றித் தங்கள் புதிய தொழிலுக்கும் எழுத்தை மாற்றிக்கொண்டனர். மீன் உவமை பொருத்தமானதே. ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே இரையை வீசினால் சிலராவது கொத்துவார்கள் என்பதுதான் இதன் கணக்கு.

கணினிக்கு முந்தைய முன்னோடிகள்

பொய்க் கடிதம் அனுப்பிப் பணம் பறிப்பது இணையத்துடன் பிறந்ததன்று. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் "ஸ்பானியக் கைதி" என்ற பெயரில் ஒரு கடித மோசடி பரவியிருந்தது. ஸ்பெயினில் செல்வந்தர் ஒருவர் சிறைப்பட்டிருக்கிறார், அவரை விடுவிக்கச் சிறிது பணம் அனுப்பினால் பெரும்பங்கு கிடைக்கும் என்று முன்பின் அறியாதவருக்குக் கடிதம் வரும். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நைஜீரியாவிலிருந்து அஞ்சலிலும் தொலைநகலிலும் பின்னர் மின்னஞ்சலிலும் வந்த முன்பண மோசடிக் கடிதங்கள் அதன் வழித்தோன்றல்கள். இவை ஆசையைத் தூண்டுபவை. வங்கியின் பெயரில் வரும் கடிதமோ பெரும்பாலும் அச்சத்தைத் தூண்டுகிறது. உள்ள பணம் போய்விடுமோ என்ற பதற்றம், வராத பணத்தின் மீதான ஆசையைவிட வேகமாக வேலை செய்கிறது.

அமெரிக்கா ஆன்லைன் காலம்

1990களில் அமெரிக்காவில் பல குடும்பங்கள் அமெரிக்கா ஆன்லைன் நிறுவனத்தின் வழியாகவே இணையத்தை அறிந்தன. மென்பொருள்களைத் திருட்டுத்தனமாகப் பகிர்ந்துகொண்ட இளைஞர் கூட்டம் ஒன்று அந்தச் சேவைக்குள் இயங்கியது. கணித விதிப்படி பொய்யாக உருவாக்கிய கடன் அட்டை எண்களைக் கொடுத்து அவர்கள் கணக்குகளைத் தொடங்கிவந்தனர். 1995இல் நிறுவனம் அட்டை எண்களைச் சரிபார்க்கத் தொடங்கியதும் அந்த வழி அடைபட்டது. புதிய கணக்கு கிடைக்காதபோது பிறருடைய கணக்கைப் பறிப்பது ஒன்றே மீதமிருந்த வழி.

நிறுவனத்தின் ஊழியர் போலப் பேசி, "உங்கள் கணக்கைச் சரிபார்க்க வேண்டும், கடவுச்சொல்லைத் தாருங்கள்" என்று உடனடிச் செய்தி அனுப்புவது அவர்களின் முறை. ஏஓஹெல் என்ற மென்பொருள் இதைத் தானாகவே செய்யும் வசதியுடன் அக்காலத்தில் பரவியது. ஃபிஷிங் என்ற சொல் 1996 ஜனவரி 2 அன்று யூஸ்நெட் செய்திக்குழு ஒன்றில் எழுதப்பட்டதே அச்சொல்லின் முதல் பதிவுகளில் ஒன்றாகக் காட்டப்படுகிறது.

இதற்கு அந்நிறுவனம் கண்ட மருந்து எளியது. ஊழியர் எவரும் உங்கள் கடவுச்சொல்லையோ கட்டண விவரத்தையோ கேட்க மாட்டார்கள் என்ற ஒரு வரியை உடனடிச் செய்திகளில் சேர்த்தது. உலகெங்கும் உள்ள வங்கிகள் இன்றுவரை தங்கள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிவரும் எச்சரிக்கையின் முன்னோடி இந்த வரியே.

வங்கிகளை நோக்கித் திரும்பிய காலம்

திருடிய இணையக் கணக்கால் இலவசமாக இணையத்தில் உலவலாம். திருடிய வங்கிக் கணக்கால் பணம் எடுக்கலாம். இந்த வேறுபாட்டை மோசடியாளர் உணர்ந்தது 2001ஆம் ஆண்டு முதல்தான் வெளிப்படத் தொடங்கியது. அவ்வாண்டு ஜூன் மாதம் ஈ-கோல்டு என்ற இணையப் பணப் பரிமாற்றச் சேவையின் பயனர்களைக் குறிவைத்து நடந்த முயற்சி, பணம் கையாளும் அமைப்பு ஒன்றின் மீது நேரடியாக நடந்த முதல் தூண்டில் தாக்குதலாக அறியப்படுகிறது. அது பெரிய வெற்றி பெறவில்லை. ஆனால் செய்முறைப் பயிற்சியாக அமைந்தது.

2003இல் ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் வங்கி, பிரித்தானியாவின் பார்க்லேஸ், ஹாலிஃபாக்ஸ் போன்ற வங்கிகளின் பெயரில் மின்னஞ்சல்கள் கூட்டம் கூட்டமாக அனுப்பப்பட்டன. அவ்வாண்டிலேயே வங்கிகளும் தொழில்நுட்ப நிறுவனங்களும் சேர்ந்து ஃபிஷிங் எதிர்ப்புப் பணிக்குழுவை அமைத்தன. 2003 ஜூலையில் அமெரிக்க ஃபெடரல் வணிக ஆணையம், அமெரிக்கா ஆன்லைனின் கட்டணப் பக்கத்தைப் போலவே ஒரு போலிப் பக்கத்தை அமைத்து அட்டை எண்களைத் திரட்டிய 17 வயதுச் சிறுவன் மீது நடவடிக்கை எடுத்ததாக அறிவித்தது. பள்ளி வயதுப் பையன் ஒருவன் செய்யக்கூடிய அளவுக்கு இத்தொழில் எளிதாக இருந்தது என்பதை அவ்வழக்கு காட்டியது.

விரைவிலேயே இது சிறுவர் கையிலிருந்து குழுக்களின் கைக்குப் போனது. கடிதம் எழுதுபவர் ஒருவர், போலித் தளம் அமைப்பவர் ஒருவர், திருடிய பணத்தைத் தன் கணக்கில் வாங்கி எடுத்துக் கொடுப்பவர் ஒருவர் என வேலை பிரிக்கப்பட்டது. 2009 அக்டோபரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. எகிப்திய அதிகாரிகளுடன் இணைந்து நடத்திய நடவடிக்கையில் இரு நாடுகளிலுமாக ஏறக்குறைய 100 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. எகிப்தில் இருந்தவர்கள் தகவலைத் திருடினர். அமெரிக்காவில் இருந்தவர்கள் பணத்தைப் பெறுவதற்கான கணக்குகளை ஏற்பாடு செய்தனர். பேங்க் ஆஃப் அமெரிக்கா, வெல்ஸ் ஃபார்கோ ஆகிய வங்கிகளின் வாடிக்கையாளர்கள் இதில் பாதிக்கப்பட்டனர். அதே 2009இன் இரண்டாம் பாதியில் உலகில் பதிவான ஃபிஷிங் தாக்குதல்களில் மூன்றில் இரண்டு பங்கை அவலாஞ்ச் என்ற ஒரே வலையமைப்பு நடத்தியதாக ஃபிஷிங் எதிர்ப்புப் பணிக்குழு கணக்கிட்டது. அந்த வலையமைப்பு 30 நாடுகளின் கூட்டு முயற்சியால் 2016 நவம்பர் 30 அன்று முடக்கப்பட்டது.

மின்னஞ்சலில் உள்ள அடிப்படைக் குறை

வங்கியின் பெயரில் எவரும் மின்னஞ்சல் அனுப்ப முடிவது எப்படி? மின்னஞ்சலைக் கணினிக்குக் கணினி கொண்டு சேர்க்கும் எஸ்.எம்.டி.பி. நெறிமுறை 1982இல் வகுக்கப்பட்டது. அப்போது வலையமைப்பில் இருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும். ஒருவரையொருவர் நம்பிய காலம் அது. அனுப்புநர் என்று எழுதப்பட்டிருப்பவர்தான் உண்மையில் அனுப்பினாரா என்று அந்த நெறிமுறை சரிபார்ப்பதில்லை. அஞ்சலட்டையில் "அனுப்புநர்" என்ற இடத்தில் யார் பெயரையும் எழுதி அஞ்சல் பெட்டியில் போடலாம் அல்லவா, அதே நிலைதான்.

இக்குறையை நீக்கப் பின்னாளில் மூன்று ஏற்பாடுகள் வந்தன. ஓர் ஆள்களப் பெயரின் சார்பில் அஞ்சல் அனுப்ப எந்தெந்தக் கணினிகளுக்கு உரிமை உண்டு என்று பட்டியலிடுவது எஸ்.பி.எஃப். அஞ்சலில் மறைக்குறியீட்டுக் கையொப்பம் இடுவது டி.கே.ஐ.எம். இவ்விரண்டு சோதனைகளிலும் தேறாத அஞ்சலை என்ன செய்ய வேண்டும் என்று பெறும் கணினிக்கு அறிவுறுத்துவது டிமார்க். கூகுள், மைக்ரோசாஃப்ட், யாகூ, பேபால் முதலிய நிறுவனங்கள் சேர்ந்து டிமார்க்கை 2012இல் அறிவித்தன. இவை முறையாக நடைமுறைப்படுத்தப்பட்ட இடங்களில் வங்கியின் முகவரியையே அப்படியே திருடுவது கடினமாயிற்று. ஆகவே மோசடியாளர் வங்கியின் முகவரியைப் போன்ற வேறொரு முகவரியைப் பதிவு செய்துகொள்ளத் தொடங்கினர். அந்தப் போலி முகவரி இந்த மூன்று சோதனைகளிலும் நேர்மையாகவே தேறிவிடும். ஏனெனில் அது உண்மையில் அவர்களுக்குச் சொந்தமான முகவரி.

காலாவதியான அடையாளங்கள்

முதல் அடையாளம் மொழிப் பிழை. தொடக்க கால மின்னஞ்சல்களில் எழுத்துப் பிழையும் இலக்கணப் பிழையும் மலிந்திருந்தன. பிழையைக் கண்டால் சந்தேகப்படுங்கள் என்ற அறிவுரை அப்போது பொருத்தமாக இருந்தது. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மாக் ஹெர்லி 2012இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு புதிய விளக்கம் தந்தது. அபத்தமான முன்பண மோசடிக் கடிதம் விழிப்பானவர்களை முதலிலேயே விலக்கிவிடுகிறது. எளிதில் நம்புபவர் மட்டும் பதில் எழுதுவதால் மோசடியாளரின் நேரம் மிச்சமாகிறது என்றார் அவர். இப்போது நிலைமை வேறு. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் 2022 இறுதியிலிருந்து பொதுமக்கள் கைக்கு வந்துவிட்டன. பிழையற்ற ஆங்கிலமும் ஓரளவு நல்ல தமிழும் எவருக்கும் சில நொடிகளில் கிடைக்கின்றன. பிழை இருந்தால் ஐயப்படலாம். பிழை இல்லை என்பதற்காக நம்பிவிட முடியாது.

இரண்டாவது அடையாளம் வங்கியின் சின்னமும் வடிவமைப்பும். வங்கித் தளத்திலிருந்து படத்தையும் எழுத்துருவையும் நகலெடுக்கச் சில நிமிடங்கள் போதும். 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ரச்னா தமிஜா, டைகர், மார்ட்டி ஹெர்ஸ்ட் ஆகியோர் 22 பேரிடம் உண்மைத் தளங்களையும் போலித் தளங்களையும் கலந்து காட்டிச் சோதித்தனர். நன்றாக அமைக்கப்பட்ட போலித் தளம் ஒன்றில் 90 விழுக்காட்டினர் ஏமாந்தனர். ஏறக்குறைய நான்கில் ஒருவர் முகவரிப் பட்டையையோ வேறு பாதுகாப்புக் குறியையோ ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பக்கத்தின் தோற்றத்தை மட்டும் வைத்தே அவர்கள் முடிவு செய்தனர்.

மூன்றாவது அடையாளம் பூட்டுச் சின்னம். உலாவியில் முகவரிக்கு அருகே பூட்டுப் படம் தெரிந்தால் அத்தளம் பாதுகாப்பானது என்று நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. வகுப்பறைகளிலும் வங்கிக் கையேடுகளிலும் இப்பாடம் இடம்பெற்றது. உண்மையில் பூட்டுக்குப் பொருள், உங்கள் கணினிக்கும் அத்தளத்துக்கும் இடையே செல்லும் தகவலை வழியில் எவரும் படிக்க முடியாது என்பது மட்டுமே. மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்று அது சொல்லாது. மறையாக்கச் சான்றிதழ்கள் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கிய பின் மோசடியாளரும் அவற்றைப் பெற்றனர். 2018 இறுதியில் ஃபிஷிங் தளங்களில் ஏறக்குறைய பாதியிலும், 2019 இறுதியில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கிலும் பூட்டு இருந்தது. குரோம் உலாவி 2023இல் பூட்டுச் சின்னத்தையே நீக்கி வேறொரு குறியை வைத்தது.

நான்காவது நம்பிக்கை ஓடிபி எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல். கடவுச்சொல் திருடு போனாலும் இரண்டாவது எண் இல்லாமல் பணம் போகாது என்பது இதன் அடிப்படை. ஜெர்மன் வங்கிகள் வாடிக்கையாளருக்கு ஒருமுறை எண்களின் அச்சிட்ட பட்டியலைக் கொடுத்துவந்தன. போலி மின்னஞ்சல்கள் அந்த எண்களையும் சேர்த்தே கேட்கத் தொடங்கின. 2006 ஜூலையில் அமெரிக்காவின் சிட்டி வங்கி வணிக வாடிக்கையாளர்களைக் குறிவைத்த போலித் தளம் ஒன்று, நிமிடத்துக்கு நிமிடம் எண் மாறும் கருவியையும் வென்றது. வாடிக்கையாளர் தட்டச்சிட்ட எண்ணை அந்தத் தளம் உடனுக்குடன் உண்மையான வங்கித் தளத்துக்கு அனுப்பிவிட்டது. இன்று நடக்கும் ஓடிபி திருட்டும் இதே வகைதான். ஓடிபி சிறந்த தடுப்பு. ஆனால் அதைப் போலிப் பக்கத்தில் இட்டுவிட்டால் அத்தடுப்பு இல்லாததற்குச் சமம்.

இந்தியச் சட்டமும் முதல் வழக்கும்

இந்தியாவில் இம்மோசடி நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்தது ஒரு தொழில் அமைப்பின் வழக்கால். மென்பொருள் நிறுவனங்களின் சங்கமான நாஸ்காமின் பெயரில் வேலைவாய்ப்பு முகமை ஒன்றைச் சேர்ந்தவர்கள் மின்னஞ்சல் அனுப்பிப் பலருடைய தனிப்பட்ட தகவல்களைத் திரட்டினர். தில்லி உயர்நீதிமன்றம் 2005 மார்ச்சில் இவ்வழக்கை முடித்தபோது, ஃபிஷிங்கைத் தடுக்கத் தனிச்சட்டம் இல்லாவிட்டாலும் அது சட்டவிரோதச் செயலே என்று கூறியது. உடன்பாட்டின்படி எதிர்த்தரப்பினர் 16 லட்சம் ரூபாய் இழப்பீடு தர நேர்ந்தது.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இல் இயற்றப்பட்டிருந்தாலும், 2008இல் செய்யப்பட்ட திருத்தமே இக்குற்றத்தை நேரடியாகத் தொட்டது. 2009 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்த இத்திருத்தத்தின் 66சி பிரிவு, பிறரின் கடவுச்சொல் போன்ற அடையாளங்களைத் திருடுவதைக் குற்றமாக்கியது. 66டி பிரிவு, கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதைக் குற்றமாக்கியது. இரண்டுக்கும் 3 ஆண்டுகள் வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இத்தகைய குற்றங்களைக் கையாளுகிறது.

தூத்துக்குடிக் கணக்கு வழக்கு

மோசடியாளரைத் தண்டிப்பது ஒன்று. இழந்தவருக்குப் பணம் திரும்பக் கிடைப்பது வேறொன்று. இரண்டாவது கேள்விக்கு இந்தியாவில் முதலில் விடை தேடிய வழக்கு தமிழ்நாட்டில் நடந்தது.

அபுதாபியில் பணிபுரிந்த தமிழர் ஒருவருக்கு ஐசிஐசிஐ வங்கியின் தூத்துக்குடிக் கிளையில் கணக்கு இருந்தது. 2007 செப்டம்பரில் வங்கியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு அனுப்பியது போன்ற மின்னஞ்சல் ஒன்று அவருக்கு வந்தது. கணக்கு விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்று அது கேட்டது. வங்கியிடமிருந்து வழக்கமாக வரும் அஞ்சல்களைப் போலவே இருந்ததால் அவர் கேட்ட விவரங்களைத் தந்தார். சில நாட்களில் அவருடைய கணக்கிலிருந்து 6.46 லட்சம் ரூபாய், மும்பையில் அதே வங்கியில் கணக்கு வைத்திருந்த ஒரு நிறுவனத்தின் பெயருக்கு மாறியது. அதில் பெரும்பகுதி ரொக்கமாக எடுக்கப்பட்டுவிட்டது.

கடவுச்சொல்லை வாடிக்கையாளரே கொடுத்துவிட்டார், ஆகவே இழப்பு அவருடையதே என்பது வங்கியின் வாதம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் வாதம் இது. பணம் போய்ச் சேர்ந்ததும் உங்கள் வங்கியின் கணக்கில்தானே, அந்தக் கணக்கை யாருடையது என்று சரியாக ஆராய்ந்து தொடங்கினீர்களா என்பது வாடிக்கையாளர் தரப்பின் எதிர்க்கேள்வி.

தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரே இத்தகைய இழப்பீட்டு வழக்குகளைத் தீர்க்கும் அலுவலர். தமிழ்நாட்டில் அப்பொறுப்பில் இருந்த பி.டபிள்யூ.சி. டேவிதார் 2010 ஏப்ரல் 12 அன்று தீர்ப்பளித்தார். மோசடியைத் தடுக்கப் போதிய கவனம் செலுத்தியதை வங்கி நிறுவவில்லை என்று கண்ட அவர், இழந்த தொகை, வட்டி, செலவுகள் உட்பட 12.85 லட்சம் ரூபாயை வாடிக்கையாளருக்கு வழங்குமாறு ஆணையிட்டார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் ஃபிஷிங் இழப்புக்காக வங்கிக்கு எதிராக வந்த முதல் தீர்ப்பாக இது கருதப்படுகிறது.

வழக்கு அத்துடன் முடியவில்லை. வங்கி தில்லியில் உள்ள சைபர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குச் சென்றது. அத்தீர்ப்பாயத்தின் தலைவர் 2011 ஜூனில் ஓய்வு பெற்றார். அதன்பின் அப்பதவி ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படவில்லை. 2017இல் அது தொலைத்தொடர்புத் தகராறுகள் தீர்வு மற்றும் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துடன் இணைக்கப்பட்டது. அதன் முடிவு 2019 ஜனவரியில்தான் வந்தது. அதுவும் வங்கிக்கு எதிராகவே அமைந்தது. ஒரே ஒரு மின்னஞ்சலுக்குக் கொடுத்த பதிலின் கணக்கைத் தீர்க்க 11 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. சட்டம் கைகொடுத்தாலும் அதற்காகக் காத்திருக்க வேண்டிய காலம் எவ்வளவு என்பதற்கு இவ்வழக்கு சான்று.

இழப்பு யாருடையது

இந்திய ரிசர்வ் வங்கி இணையத்தில் நடக்கும் அட்டைப் பரிமாற்றங்களுக்கு இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பை 2009 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமாக்கியது. இழப்பைப் பங்கிடும் விதிகளை 2017 ஜூலை 6 அன்று வெளியிட்டது. அதன் சாரம் பின்வருமாறு:

- வங்கியின் குறைபாட்டால் பணம் போனால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை.
- வங்கியோ வாடிக்கையாளரோ தவறு செய்யாமல் வேறெங்கோ நேர்ந்த குறையால் பணம் போயிருந்து, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் அப்போதும் பொறுப்பில்லை. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் கணக்கின் வகையைப் பொறுத்து ஒரு வரம்பு வரை மட்டுமே பொறுப்பு. சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு இவ்வரம்பு 10,000 ரூபாய்.
- கடவுச்சொல், ஓடிபி போன்றவற்றை வாடிக்கையாளரே கொடுத்துவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் முழு இழப்பும் அவருடையது. தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியுடையது.
- வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று மெய்ப்பிக்கும் கடமை வங்கியைச் சேர்ந்தது.

மூன்றாம் விதியே தூண்டில் மோசடிக்குப் பெரும்பாலும் பொருந்துவது. ஏமாந்ததை உணர்ந்த நிமிடத்துக்கும் வங்கிக்குச் சொன்ன நிமிடத்துக்கும் இடைப்பட்ட நேரத்துக்குப் பண மதிப்பு உண்டு என்பதை அவ்விதி சொல்கிறது. வெட்கப்பட்டு வீட்டாரிடம் மறைப்பவர்களும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர்களும் அந்த இடைவெளியிலேயே மேலும் இழக்கின்றனர்.

வங்கிகளே ஏமாந்த நிகழ்வு

வாடிக்கையாளர்தான் ஏமாறுவார் என்பதில்லை. 2016 பிப்ரவரியில் வங்கதேசத்தின் மைய வங்கியிடமிருந்து, நியூயார்க்கில் உள்ள அதன் கணக்கின் வழியாக, ஏறக்குறைய 95 கோடி டாலரைத் திருட முயற்சி நடந்தது. வேலை கேட்டு விண்ணப்பிப்பது போல வங்கி ஊழியர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள் வழியாகவே மோசடியாளர் உள்ளே நுழைந்தனர் என்று அமெரிக்கப் புலனாய்வு பின்னர் தெரிவித்தது. 8.1 கோடி டாலர் பிலிப்பைன்சுக்குப் போய்விட்டது. இலங்கையிலுள்ள ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டாலர் தப்பியது. ஆணையில் அறக்கட்டளை என்பதற்கான ஆங்கிலச் சொல் பிழையாக எழுதப்பட்டிருந்ததைக் கவனித்து, இடையில் இருந்த வங்கி விளக்கம் கேட்டதே அதற்குக் காரணம். நின்று ஒரு கேள்வி கேட்டவரால் பெருந்தொகை மீண்டது.

இன்று அடையாளம் காணும் முறை

தோற்றம், மொழி, பூட்டு ஆகியவற்றை நம்ப முடியாத நிலையில் எஞ்சியிருப்பவை மூன்று கேள்விகள்: எங்கிருந்து வந்தது, எங்கே போகச் சொல்கிறது, என்ன கேட்கிறது.

அனுப்புநரின் பெயரும் முகவரியும் வேறுவேறு. கைப்பேசித் திரையில் பெரும்பாலும் பெயர் மட்டுமே தெரியும். அதில் எந்த வங்கியின் பெயரையும் எவரும் எழுதிக்கொள்ளலாம். பெயரைத் தொட்டால் முழு முகவரியும் விரியும். "அட்" குறிக்குப் பின்னால் உள்ள பகுதியையே பார்க்க வேண்டும்.

இணைப்பில் உள்ள முகவரியைப் படிக்க ஒரு முறை உண்டு. வீட்டு முகவரியில் கதவு எண், தெரு என்று தொடங்கி ஊர்ப் பெயர் கடைசியில் வருவது போல, இணைய முகவரியிலும் உரிமையாளரைக் காட்டும் பகுதி வலப்பக்கத்தில் இருக்கும். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள பகுதியை எடுத்துக்கொண்டு வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். "வங்கிபெயர் புள்ளி கணக்குசரிபார்ப்பு புள்ளி காம்" என்று இருந்தால் அத்தளத்தின் உரிமையாளர் "கணக்குசரிபார்ப்பு" என்ற பெயரைப் பதிவு செய்தவர். முன்னால் உள்ள வங்கிப் பெயர் வெறும் கதவு எண் போன்றது. அதை எவரும் வைத்துக்கொள்ளலாம். கணினியில் இணைப்பின் மீது சுட்டியை வைத்தாலும், கைப்பேசியில் விரலைச் சற்று நேரம் அழுத்தினாலும் உண்மையான முகவரி தெரியும். ஆயினும் ரஷ்ய மொழியின் சிரிலிக் எழுத்துகளில் சில ஆங்கில எழுத்துகளைப் போலவே இருப்பதால் கண்ணும் ஏமாறக்கூடும். 2005இல் பேபாலின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் இவ்வாறு மாற்றி ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினர்.

மூன்றாவது கேள்வியே வலிமையானது. கடவுச்சொல், ஓடிபி, அட்டையின் பின்புறமுள்ள மூன்று இலக்க எண், பின் எண் ஆகியவற்றை எந்த வங்கியும் மின்னஞ்சலில் கேட்பதில்லை. "24 மணி நேரத்தில் கணக்கு முடக்கப்படும்", "கேஒய்சி காலாவதியாகிவிட்டது", "வரித் தொகை திரும்ப வந்துள்ளது" என்ற வகை வாசகங்கள் யோசிக்க இடம் தராமல் விரைவுபடுத்தவே எழுதப்படுகின்றன. இணைப்புக்குப் பதிலாக விரைவுக்குறி எனப்படும் கியூஆர் படமோ, திறக்க வேண்டிய கோப்போ, நிறுவ வேண்டிய செயலியோ வந்தாலும் நோக்கம் ஒன்றே.

ஐயம் தீர்க்க எளிய வழி, அஞ்சலில் உள்ள இணைப்பையும் தொலைபேசி எண்ணையும் பயன்படுத்தாமல் இருப்பது. வங்கியின் முகவரியைத் தானே தட்டச்சு செய்து நுழைந்தாலோ, அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள எண்ணை அழைத்தாலோ செய்தி மெய்யா பொய்யா என்பது தெரிந்துவிடும். உண்மையான அறிவிப்பு என்றால் அங்கும் அது இருக்கும்.

இந்திய வாடிக்கையாளருக்கு அண்மையில் ஒரு புதிய அடையாளமும் கிடைத்துள்ளது. இந்திய வங்கிகளுக்கு மட்டும் "புள்ளி பேங்க் புள்ளி இன்" என்று முடியும் ஆள்களப் பெயரை வழங்கப்போவதாக ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவித்தது. வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் இதற்கு மாற வேண்டும் என்று பின்னர் ஆணையிட்டது. பிறர் இப்பெயரைப் பதிவு செய்ய முடியாது என்பதால், முகவரியின் கடைசிப் பகுதியைப் பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு இது பெரிதும் உதவும். அப்பழக்கம் இல்லாதவருக்கு இதனால் பயனில்லை.

ஏமாந்த பின் செய்ய வேண்டியவை

முதலில் வங்கியை அழைத்துக் கணக்கையும் அட்டையையும் முடக்கச் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்க வேண்டும். 2021இல் 155260 என்ற எண்ணுடன் தொடங்கிய இச்சேவை பின்னர் 1930க்கு மாறியது. மோசடிப் பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் அது எடுக்கப்படுவதற்கு முன்பே நிறுத்திவைப்பதுதான் இதன் நோக்கம். ஆகவே முதல் சில மணி நேரம் முக்கியமானது. உள்துறை அமைச்சகத்தின் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். கடவுச்சொல்லை வேறொரு பாதுகாப்பான கருவியிலிருந்து மாற்ற வேண்டும். அதே கடவுச்சொல் வேறு கணக்குகளுக்கும் இருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும். வந்த மின்னஞ்சலை அழிக்கக் கூடாது. அதன் தலைப்புப் பகுதியில் அஞ்சல் வந்த வழி பதிவாகியிருக்கும். புலனாய்வுக்கு அது தேவைப்படும்.

தூத்துக்குடிக் கணக்கு வழக்கில் மின்னஞ்சல், பணம் போன கணக்கு, எடுக்கப்பட்ட தொகை ஆகிய அனைத்துக்கும் பதிவு இருந்தது. வாடிக்கையாளர் தன் பக்கத்தை நிறுவ முடிந்ததற்கு அந்த ஆவணங்களே துணையாயின.